மூலக்கூறுகளுக்கு நடுவே தெரியும் கோடு பிணைப்புதானா? எஸ்டிஎம் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள ஆய்வகங்களில் எஸ்டிஎம்மோடு (கூரிய ஊசியைப் பரப்புக்கு மிகக் கிட்டே ஓட்டி அணுக்களைப் படம் எடுக்கும் நுண்ணோக்கி) மல்லுக்கட்டும் பிள்ளைகள் காட்டும் படங்களில், ஒரே மாதிரிக் கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் தமிழில்தான் கேட்பார்கள். பதிலையும் தமிழிலேயே ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

தங்கம், வெள்ளி, செம்பு இவற்றின் பரப்பில் மூலக்கூறுகளை அமர்த்தி, அவற்றுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்பு, வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு போன்ற வலுக்குறைந்த பிணைப்புகளைப் பார்ப்பவர்களுக்கு இது பயன்படும். கோட்பாடு இங்கே கிடையாது. அறிகுறியைப் பாருங்கள், காசு செலவில்லாத காரணத்திலிருந்து ஆரம்பியுங்கள், சொல்லியிருக்கிற இடத்தில் நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள்.

## எதையும் கழற்றும் முன்

மூலக்கூறு இல்லாத வெறும் உலோகத்தை முதலில் படம் எடுங்கள். தங்கம் (111), அதாவது படிகத்தை ஒரு குறிப்பிட்ட திசையில் வெட்டிய முகம் என்றால், மூன்று எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஹெர்ரிங்போன் வரிகளின் (தங்கப் பரப்பில் இயல்பாகவே வளைந்து வளைந்து தெரியும் கோடுகள்) இடைவெளி சுமார் 6.3 நானோமீட்டர். ஒரு அணுப் படியின் உயரம் 0.235 நானோமீட்டர். அடுத்தடுத்த அணுக்களின் தூரம் 0.288 நானோமீட்டர். வெள்ளி (111) படி 0.236, செம்பு (111) படி 0.208. செம்பிலும் வெள்ளியிலும் ஹெர்ரிங்போன் கிடையாது. அதனால் அங்கே "வரி காணோம்" என்று பதற வேண்டாம்.

வெறும் தங்கமே சரியாக வராத நாளில் மூலக்கூறின் மேல் கை வைக்கக் கூடாது. பலர் இந்த ஒரு படியைத் தாண்டிப் போய்த்தான் வாரக்கணக்கில் அலைகிறார்கள்.

## அறிகுறி 1: படம் முழுக்க அலை அலையாக வரிகள்

முதலில் ஸ்கேன் வேகத்தை இரண்டு மடங்காக்குங்கள். வரிகளின் இடைவெளி மாறாவிட்டால் அது பரப்பில் நிஜமாக இருக்கும் ஒன்று. இடைவெளியும் கூடினால் இரைச்சல். அடுத்த சோதனைக்கு, டிப்பை (அந்த ஊசியை) பின்னால் இழுத்துவிட்டு மின்னோட்டத்தின் எஃப்எஃப்டியை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்று காட்டும் வரைபடம்) பாருங்கள்.

### டிப் விலகிய பிறகும் இரைச்சல் இருந்தால்: மின்சாரம்

50, 100, 150 ஹெர்ட்ஸில் கம்பு மாதிரி நிற்கிறதா? கருவிக்குப் பக்கத்தில் இருக்கிற மொபைல் சார்ஜர், எல்இடி விளக்கு, வெற்றிடமானி, ஏசி என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும். அப்புறம் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு எர்த் வழிகளுக்கு நடுவே மின்னோட்டம் சுற்றுவது. கணினி ஒரு பிளக்கிலும் கண்ட்ரோலர் வேறொரு சுவர்ப் பிளக்கிலும் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே பலகைக்குக் கொண்டுவாருங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். இரைச்சல் குறைகிறது என்று சிலர் அப்படிச் செய்கிறார்கள். உயர் மின்னழுத்தக் கருவிகள் சூழ்ந்த இடத்தில் அது உயிரோடு விளையாடுவது.

பகலில் மோசம், தொழிற்சாலைகள் ஓய்ந்த நேரத்தில் சுத்தம் என்றால் வரும் மின்சாரத்திலேயே கறை இருக்கிறது. கஞ்சிக்கோடு மாதிரி இரும்பு உருக்கும் இண்டக்‌ஷன் உலைகள் உள்ள பகுதிகளில் இது சகஜம். அங்கே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், தனி எர்த் குழி என்று போக வேண்டியிருக்கும். இது உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் வேலை. நீங்கள் தொடாதீர்கள்.

### டிப் விலகியதும் இரைச்சல் போய்விட்டால்: அதிர்வு, அல்லது பயாஸ் ஒயர்

பயாஸ் (டிப்புக்கும் சாம்பிளுக்கும் நடுவே கொடுக்கும் மின்னழுத்தம்) வழியாக வரும் இரைச்சலும் டிப் கிட்டே இருக்கும்போதுதான் தெரியும். அதனால் கண்ட்ரோலரின் பயாஸ் ஒயரைக் கழற்றி, ஒரு பேட்டரியும் மின்தடைகளும் வைத்துச் சில நூறு மில்லிவோல்ட் கொடுத்துப் பாருங்கள். இரைச்சல் போனால் ஒயரோ கண்ட்ரோலரோதான் காரணம். போகாவிட்டால் அதிர்வு.

டனல் மின்னோட்டம் (டிப்புக்கும் பரப்புக்கும் நடுவே இடைவெளியைத் தாண்டி ஓடுவது) 0.1 நானோமீட்டர் தூர மாற்றத்துக்குச் சுமார் பத்து மடங்கு மாறும். அதனால் கண்ணுக்கோ கைக்கோ தெரியாத ஆட்டம்கூடப் படத்தில் வந்து நிற்கும். காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்:

- வேகமாகச் சுழலும் வெற்றிடப் பம்பான டர்போ பம்ப் ஓடுகிறதா? படம் எடுக்கும்போது, அசையும் பாகமில்லாத அயன் பம்ப் மட்டுமே ஓட வேண்டும்.
- ஸ்பிரிங்கில் தொங்கும் மேடையின் பூட்டு முழுசாகத் திறந்திருக்கிறதா?
- ஏதாவது ஒரு ஒயர் மேடையிலும் வெற்றிடச் சேம்பரின் சுவரிலும் ஒருசேர உரசுகிறதா? டார்ச் அடித்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். முடி அளவு ஒயர் தொட்டாலே போதும், ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரிதான்.
- காற்றுக் கால்களில் அழுத்தம் இருக்கிறதா? மேசை நிஜமாகவே மிதக்கிறதா? ஒரு மூலையை லேசாக அழுத்திவிட்டால் தானாக எழ வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் சில ஹெர்ட்ஸில் ஆட்டம் இருந்தால் அது கட்டடம். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது மேல்மாடி ஆய்வகத்தில் இது வரும். கோயம்புத்தூர் ரயில் பாதையையோ நெடுஞ்சாலையையோ ஒட்டிய கட்டடமாக இருந்தால், ரயில் போகும் நேரத்தைக் குறித்து வைத்துப் படத்தோடு ஒப்பிடுங்கள். கல்குவாரி வெடி என்றால் ஒரே ஒரு குதி தெரியும், அப்புறம் அமைதி. காற்றுக்கும் ரயிலுக்கும் உடனடி வழி, நேரம் பார்த்து வேலை செய்வதுதான். தரைத்தளத்துக்கு மாற்றுவது, தனிக் கான்கிரீட் மேடை போடுவது எல்லாம் பெரிய செலவு. அதற்கு முன் அதிர்வு அளக்கும் ஆளை வரவழைத்து அளந்துவிடுங்கள். அளக்காமல் மேடை போட்டுவிட்டு, கடைசியில் ஒயர் உரசியதுதான் காரணம் என்று தெரிந்தால் அந்தப் பணம் திரும்பி வராது.

## அறிகுறி 2: எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது

"அண்ணா, மூலக்கூறு எல்லாம் ஜோடி சேர்ந்திருக்கு, டைமர்னு எழுதிடலாமா?" என்று வரும் கேள்விக்கு என் முதல் பதில், பொறுமையாக இரு என்பதுதான். டிப்பின் முனையில் இரண்டு கூர் இருந்தால் ஒவ்வொரு பொருளும் இரண்டு முறை பதிவாகும். வலுக்குறைந்த பிணைப்பைப் படிப்பவர்களுக்கு இதைவிட ஆபத்தான கோளாறு கிடையாது. இல்லாத ஜோடியை இருப்பதாக அது காட்டிவிடும்.

சோதனை எளிது. அணுப் படியின் ஓரத்தைப் பாருங்கள். அதுவும் இரட்டையாக, அதே தூரத்தில், அதே திசையில் இருந்தால் டிப்தான் குற்றவாளி. படி கிடைக்காவிட்டால், 120 பாகை திரும்பி நிற்கும் வேறொரு டொமைனை (மூலக்கூறுகள் ஒரே திசையில் அடுக்கியிருக்கும் பகுதி) தேடுங்கள். நிஜ ஜோடி என்றால் ஜோடியின் திசையும் டொமைனோடு சேர்ந்து திரும்பும். டிப் போடும் நிழல் திரும்பாது, எல்லா டொமைனிலும் ஒரே பக்கமே சாய்ந்திருக்கும்.

சரிசெய்ய, மூலக்கூறுகளிலிருந்து தள்ளி வெறும் உலோகத்துக்குப் போங்கள். முதலில் டிப்புக்கு ஒரு கணம் மட்டும் 3 அல்லது 4 வோல்ட் கொடுங்கள், இதுதான் பல்ஸ். பலனில்லை என்றால் டிப்பை ஒரு நானோமீட்டருக்குள் மெதுவாகப் பரப்பில் குத்தி எடுங்கள். அந்தக் குழி வட்டமாகவும் ஒற்றையாகவும் தெரிந்தால் டிப் தேறிவிட்டது. தேறாவிட்டால் 8, 10 வோல்ட் வரை போகலாம், ஆனால் அது கண்மூடித்தனமான வைத்தியம். அதற்கும் மசியாத டிப்பை மாற்றுங்கள். டங்ஸ்டன் கம்பியைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அரித்து எடுக்கும்போது, கம்பி அறுந்து விழும் அந்தக் கணத்தில் மின்சாரம் நின்றுவிட வேண்டும். தாமதமானால் முனை மழுங்கும். புதிய டிப்புகள் வரிசையாக மோசமாக வந்தால் அந்தக் கட்-ஆஃப் சர்க்யூட்டைப் பாருங்கள்.

## அறிகுறி 3: மூலக்கூறு பாதியில் வெட்டுப்படுகிறது, படம் முழுக்கக் கிடைமட்டக் கீறல்

டிப் மூலக்கூறைத் தள்ளிக்கொண்டு போகிறது. வலுக்குறைந்த பிணைப்பு என்பதால் அது எளிதில் நகர்ந்துவிடும். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டும் 1 நானோஆம்பியரும் வைத்தால் இடைவெளியின் மின்தடை 100 மெகாஓம்தான், டிப் ரொம்பக் கிட்டே நிற்கிறது. 1 வோல்ட்டும் 10 பிகோஆம்பியரும் வைத்தால் 100 கிகாஓம், தள்ளி நிற்கிறது. இரண்டாவதிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போங்கள்.

அப்படியும் கீறல் தீரவில்லையா? அறை வெப்பநிலையில் தங்கத்தின் மேல் பல தனி மூலக்கூறுகள் தாமாகவே ஓடிக்கொண்டிருக்கும். தீவாகச் சேர்ந்த பிறகுதான் நின்று முகம் காட்டும். இது கோளாறே இல்லை. ஒன்று, மூலக்கூறின் அளவைக் கூட்டித் தீவு உருவாக விடுங்கள். இல்லை, திரவ நைட்ரஜனின் 77 கெல்வினுக்கு இறங்குங்கள். தனி மூலக்கூறைத் தொந்தரவில்லாமல் பார்க்க வேண்டும் என்றால் திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வின் பக்கம்தான் போக வேண்டும், அதற்குப் பட்ஜெட் வேண்டும். நைட்ரஜன் ஊற்றும் அறையில் கதவு, ஜன்னலைத் திறந்து வைக்க மறக்காதீர்கள்.

கீறல் ஏதோ ஒரு வரியில் தொடங்கி அங்கிருந்து படத்தின் தோற்றமே மாறிவிட்டால், டிப்பில் ஒரு மூலக்கூறு ஒட்டிக்கொண்டது. அறிகுறி 2-க்குச் சொன்ன பல்ஸ் போதும்.

## அறிகுறி 4: தங்கம் அழுக்காக இருக்கிறது, ஹெர்ரிங்போன் தெரியவில்லை

முதலில் ஸ்பட்டர் (அயனிகளால் அடித்து மேல் அழுக்கை உதிர்ப்பது), அனீல் (சூடாக்கிப் பரப்பைச் சமப்படுத்துவது) சுற்றை இன்னும் ஓரிரு தடவை செய்யுங்கள். ஆர்கான் அயனி 1 கிலோஎலெக்ட்ரான்வோல்ட் அளவில் பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு 450 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடு. சாம்பிள் தட்டின் வெப்பம் வேறு, தங்கத்தின் வெப்பம் வேறு என்பதை நினைவில் வையுங்கள். படிக்கட்டுகளின் ஓரத்தில் மட்டும் அழுக்கு ஒட்டியிருந்தால் சுற்று போதவில்லை. சமதளம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் அழுக்கு பிறகு வந்து விழுகிறது, அப்போது வெற்றிடத்தைச் சந்தேகியுங்கள்.

10⁻⁶ மில்லிபாரில் ஒரு விநாடி பக்கத்தில் ஒரு அடுக்கு வாயு பரப்பில் வந்து மோதும். 10⁻¹⁰ மில்லிபாரில் அதற்கே மூன்று நாலு மணி நேரமாகும். ஆர்ஜிஏவை (சேம்பரில் மிஞ்சிய வாயுக்களை அவற்றின் நிறை எண்படி காட்டும் கருவி) இயக்கிப் பாருங்கள்.

நிறை எண் 18 உயர்ந்திருந்தால் தண்ணீர். மழைக் காலத்தில் சேம்பரைத் திறந்து மூடிய பிறகு இது நிச்சயம். மறுபடி 120 முதல் 150 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் சேம்பரைச் சூடாக்கி வையுங்கள் (பேக்). திறக்கும்போது வெறும் காற்றுக்குப் பதில் உலர்ந்த நைட்ரஜனை நிரப்பினால் அடுத்த முறை பாதி வேலை மிச்சம்.

28-உம் 32-உம் சேர்ந்து உயர்ந்திருந்தால் காற்று உள்ளே வருகிறது. ஃபிளாஞ்சுகளின் (போல்ட் போட்டு மூடும் இணைப்புகள்) மேல் ஹீலியத்தை மெல்லிசாக விட்டுக்கொண்டே 4-ஐப் பாருங்கள். மேலிருந்து கீழே வாருங்கள், ஹீலியம் மேலே எழும் வாயு. கடைசியாகத் திறந்த ஃபிளாஞ்சிலிருந்தே தேடலைத் தொடங்குங்கள். போல்ட்டை எதிரெதிராகக் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாம். நிற்காவிட்டால் செம்பு கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். பழையதைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள்.

28 மட்டும் தனியாக என்றால் கார்பன் மோனாக்சைடாக இருக்கும். சூடான இழைகளே அதை வெளிவிடும். இழைகளைச் சூடாக்கி அவற்றிலுள்ள வாயுவை வெளியேற்றுங்கள் (டீகேஸ்).

வெற்றிடம் நன்றாக இருந்தும் ஸ்பட்டருக்குப் பிறகு அழுக்கு கூடுகிறது என்றால் ஆர்கான் குழாயில் காற்று நிற்கிறது. காலிசெய்து, நிரப்பி, மறுபடி காலிசெய்யுங்கள். மூலக்கூறு ஆவியாக்கியை முதல் தடவை சூடாக்கும்போது, சாம்பிளை அதன் பார்வையில் வைக்கவே கூடாது. ஆவியாகும் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே ஒரு ராத்திரி முழுக்க வைத்து, பொடியிலுள்ள ஈரமும் கரைப்பானும் போகட்டும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: செராமிக் ஃபீட்த்ரூவில் (சேம்பருக்குள் ஒயர் நுழையும் இடம்) கசிவு, அயன் பம்ப் மின்னோட்டம் இறங்க மறுப்பது. அயன் பம்ப் கேபிளில் பல ஆயிரம் வோல்ட் ஓடுகிறது. இயங்கும்போது அந்த இணைப்பில் கை வைக்காதீர்கள்.

காற்றிலேயே வேலை செய்யும் சிறிய எஸ்டிஎம் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி முழுக்கத் தேவையில்லை. மைக்காவின் மேல் படிந்த தங்கத்தைச் சுடரில் காட்டி எடுத்து, ஆறியதும் உடனே கரைசல் சொட்டை விடுங்கள். ஈரக் காற்றில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

## அறிகுறி 5: புத்தகத்தில் உள்ள அமைப்பு வரவில்லை

டிரைமெசிக் அமிலத்தை (மூன்று கார்பாக்சிலிக் அமிலக் குழுக்கள் உள்ள மூலக்கூறு) தூவினால் தேன்கூடு மாதிரி அடுக்கு வர வேண்டும், வேறு ஏதோ வருகிறது. பொதுவாக அளவுதான் காரணம். அதிகமாகத் தூவினால் நெருக்கமான அமைப்புக்கு மாறும். கரைசல் வழியில் செய்தால் கரைப்பானை மாற்றினாலே அமைப்பு மாறும்.

உலோகத்தையும் கவனியுங்கள். தங்கத்தில் கார்பாக்சிலிக் அமிலம் அறை வெப்பநிலையில் தன் ஹைட்ரஜனோடு இருக்கும், மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கை கோக்கும். செம்பில் அந்த ஹைட்ரஜன் கழன்றுவிடும். பரப்பில் திரியும் செம்பு அணுக்கள் நடுவில் வந்து உட்கார்ந்து, உலோகப் பிணைப்பாகவே ஆகிவிடலாம். செம்பில் எடுத்த படத்துக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர் எழுதும் முன் எக்ஸ்பிஎஸ் (எக்ஸ் கதிரை அடித்து, அணுக்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று காட்டும் அளவை) எடுத்துப் பாருங்கள். ஆக்சிஜன் சிகரம் ஒன்றா இரண்டா என்பது பெரும்பாலும் விடை சொல்லிவிடும். எக்ஸ்பிஎஸ் இல்லாத இடத்தில், அந்த வசதி உள்ள ஆய்வகத்துக்குச் சாம்பிளோடு போவதுதான் வழி.

## அறிகுறி 6: கோணம் சாய்கிறது, நீளம் தப்பாக வருகிறது

தேன்கூட்டின் கோணம் 120 வராமல் 112, 127 என்று சாய்ந்தால் டிரிஃப்ட், அதாவது படம் எடுக்கும்போதே சாம்பிள் மெல்ல நகர்வது. மேலிருந்து கீழே ஒரு படம், கீழிருந்து மேலே ஒரு படம் எடுங்கள். இரண்டும் எதிரெதிராகச் சாய்ந்தால் உறுதி. காத்திருங்கள். சாம்பிளை மாற்றிய உடனேயோ, ஏசி ஏறி இறங்கும் நேரத்திலோ அளவு எடுக்காதீர்கள். ஒரே மாதிரிச் சாய்ந்தால் ஸ்கேனர் அளவுத்திருத்தம் தவறு. அறை வெப்பநிலையில் பீசோவுக்கு (மின்னழுத்தம் கொடுத்தால் நீண்டு டிப்பை நகர்த்தும் பொருள்) போட்ட எண்ணைக் குளிர்நிலையில் அப்படியே வைக்க முடியாது, பீசோ குளிரில் குறைவாகத்தான் நீளும். வெறும் தங்கத்தின் 0.288-ஐ வைத்து அந்தந்த வெப்பநிலையில் புதிதாகத் திருத்துங்கள்.

இதில் ஏன் கறாராக இருக்க வேண்டும்? இரண்டு கார்பாக்சில் குழுக்கள் கைகோக்கும்போது ஆக்சிஜனுக்கு ஆக்சிஜன் தூரம் 0.26, 0.27 நானோமீட்டர்தான். பத்து சதவீதம் பிசகினாலே, அது பிணைப்பா வெறும் பக்கத்து வீடா என்று சொல்லும் தகுதி உங்கள் படத்துக்குப் போய்விடும்.

## அறிகுறி 7: இரண்டு மூலக்கூறுகளுக்கு நடுவே பளிச்சென்று ஒரு கோடு

இந்த ஒன்றை மட்டும் யாரும் கோளாறு என்று என்னிடம் கொண்டுவருவதில்லை. சந்தோஷமாகக் கொண்டுவருகிறார்கள். எனக்கு அதிகக் கவலை தருவதும் இதுதான்.

2009-இல் ஐபிஎம் சூரிச் ஆய்வகத்தில் கார்பன் மோனாக்சைடு ஒட்டிய டிப்பை வைத்து, டிப்பின் மேல் படும் விசையை அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியில் பென்டசீனின் எலும்புக்கூட்டையே படம் பிடித்தார்கள். 2013-இல் பெய்ஜிங் குழு, செம்பு (111) மேல் 8-ஹைட்ராக்சிகுயினோலின் மூலக்கூறுகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்பு இருக்க வேண்டிய இடத்தில் கோடுகளைக் காட்டியது. அடுத்த வருடமே, 2014-இல், ஹமலைனென் உள்ளிட்டோர் தங்கத்தின் மேல் நாலு நாலாகக் கூடும் ஒரு மூலக்கூறை எடுத்துப் பார்த்தார்கள். பிணைப்பே இருக்க முடியாத இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு நடுவிலும் கோடு தெரிந்தது. டிப்பின் நுனியிலுள்ள கார்பன் மோனாக்சைடு கிட்டே போகும்போது வளைகிறது. அந்த வளைவே கோட்டை வரைந்துவிடுகிறது. அதே வருடம் ப்ராக் குழு இதைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டியது.

ஆகவே கோடு தெரிந்தால் இந்த வரிசையில் போங்கள்.

டிப்பில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா? செம்பு (111) மேல் தனியாக இருக்கும் ஒரு கார்பன் மோனாக்சைடைப் பாருங்கள். வெறும் உலோக டிப்புக்கு அது இருண்ட பள்ளமாகத் தெரியும். டிப்பில் ஒன்று ஏறியிருந்தால் நடுவில் வெளிச்சப் புள்ளி தெரியும். இது தெரியாமல் எடுத்த படத்தை வைத்துப் பேசவே வேண்டாம்.

உயரத்தை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 10 பிகோமீட்டர் இறக்கி அதே இடத்தைத் தொடர்ந்து படம் எடுங்கள். கிட்டே போகப் போகக் கோடு மெலிந்து கூர்மையாகிறதா, கீழேயுள்ள வளையங்கள் விரிந்து உருக்குலைகின்றனவா? அப்படியானால் அங்கே டிப் வளைகிறது. பொதுவாக நடப்பது இதுதான்.

பிணைப்பு இருக்க முடியாத இடத்தைத் தேடுங்கள். அதே படத்தில், இரண்டு மூலக்கூறுகள் வெறுமனே பக்கத்தில் நிற்கும் இடம் ஏதாவது இருக்கும். அங்கேயும் அதே கோடு தெரிந்தால், முதல் கோட்டை ஆதாரமாக வைக்க முடியாது. இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனாலும் பலர் செய்வதில்லை, ஏனென்றால் கண் நல்ல இடத்தையே பார்க்கிறது.

டிப்பை மாற்றிப் பாருங்கள். ஆக்சிஜனில் முடியும் செம்பு டிப் கார்பன் மோனாக்சைடு டிப்பை விட விறைப்பானது, அவ்வளவாக வளையாது. அதில் கோடு மங்கினால், முன்பு கோட்டை வரைந்தது டிப்பின் வளைவுதான்.

கணக்கோடு ஒப்பிடுங்கள். ப்ராக் குழுவின் புரோப் பார்ட்டிக்கிள் மென்பொருள் இலவசம், சாதாரணக் கணினியிலேயே ஓடும். பிணைப்பில்லாத மாதிரியைக் கொடுத்து, வெறும் வளைவினாலேயே உங்கள் கோடு வருகிறதா என்று பாருங்கள். வந்துவிட்டால், கோட்டை விட்டுவிட்டுப் பிணைப்புக்கு வேறு சான்று தேடுங்கள். அணுக்களின் தூரம், திசை, அமைப்பு கலையும் வெப்பநிலை, எக்ஸ்பிஎஸ் என்று எத்தனையோ உண்டு. கோடு பொய் என்பதால் பிணைப்பு இல்லை என்று ஆகிவிடாது. எட்டு-ஹைட்ராக்சிகுயினோலினில் ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கோட்டையே பிணைப்பின் படம் என்று வாசிக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம் இரண்டு. கார்பன் மோனாக்சைடு சிலிண்டரின் ரெகுலேட்டரில் சந்தேகம் வந்தால், அலாரம் கத்தினால், வெளியே வந்து வாயு சப்ளை செய்பவரைக் கூப்பிடுங்கள். மணமில்லாத விஷம் அது. இரண்டாவது, மேலே சொன்ன எல்லாச் சோதனையையும் தாண்டியும் கோடு நிற்கிறது என்றால், டிஎஃப்டி (எலெக்ட்ரான்களின் பரவலைக் கணினியில் கணக்கிடும் முறை) கணக்குப் போடும் ஒருவரிடம் போங்கள். அவருக்கு வண்ணம் தீட்டி அழகாக்கிய படத்தை அனுப்பாதீர்கள். கருவி தந்த மூலக் கோப்பு, முன்னும் பின்னுமான இரண்டு ஸ்கேன், ஒவ்வொரு உயரத்துக்குமான படம், கோடு தெரியாமல் போன உயரம், அதே நாளில் எடுத்த வெறும் உலோகப் படம், இவை எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.